செவலைக்கு வைத்த சோறு

கேட்ட கேள்விக்கெல்லாம் நிர்மலா உண்மையைத்தான் சொன்னாள். தர்மபுரி ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். மூன்று இட்லி. மதியம்? ஒரு களி உருண்டை, கீரைக் குழம்பு, மேலே ஒரு கரண்டி சோறு. இரவு? இரண்டு தோசை. நடுவில்? டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல். அந்தப் பெண் நிர்மலாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே நிர்மலா இறுகிப்போய் உட்கார்ந்திருந்த விதத்துக்கும் அவள் சொன்ன சாப்பாட்டுக்கும் பொருத்தமே இல்லை. அதற்காக முகத்துக்கு நேரே பொய் என்று சொல்ல முடியுமா? எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பொய் இல்லை, சத்தியமாகப் பொய் இல்லை. தட்டில் போட்டு, உட்கார்ந்து நிர்மலா சாப்பிட்டது அவ்வளவுதான்.

அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தது அழகாவதற்காக இல்லை. மகன் பூவரசன் பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்தப் பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். பழைய தழும்புக்குப் பக்கத்தில் முதலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் தலைகாட்டியது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். போகப்போக அது தேங்காய் அளவுக்கு ஆனது. புடவைக்கு உள்ளே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும்.

சர்ஜன் அம்மா கையால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "குடல் எறங்கியிருக்கும்மா. தச்சிடலாம். ஆனா இந்த ஒடம்புல தச்சா தையல் நிக்காது. பத்து கிலோ கொறச்சுட்டு வாங்க."

"கொறையலைன்னா என்னாங்க?"

"குடல் வெளிய மாட்டிக்கிச்சுன்னா அவசரமா அறுக்கணும். அந்த நெலமைக்கு வர வேணாம்னுதான் சொல்றேன்."

காரிமங்கலத்தில் நிர்மலாவின் சின்னம்மா மகளுக்கு இதே நோவுதான். நாளைக்குப் பார்க்கலாம், அறுவடை முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டு, ஒருநாள் வாந்தியும் வலியுமாகச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது அவள் உயிரோடு வரவில்லை. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் இப்போது மாமன் வீட்டில் வளர்கின்றன. பஸ் ஏறி மாரண்டஹள்ளி வந்து சேரும்வரை நிர்மலாவின் கண்ணுக்குள் அந்த இரண்டு பிள்ளைகளும்தான் நின்றார்கள்.

வீட்டுக்காரன் குருவுக்குத் தொழில் குட்டியானை வண்டி ஓட்டுவது. மாரண்டஹள்ளியில் தக்காளியும் பீன்ஸும் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவான். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் தக்காளிக் கணக்கு. "பத்து கிலோ என்னா பெரிய பாரமா? அரை கிரேடு பெட்டித் தக்காளி. தெனம் எத்தன கிரேடு எறக்குறேன் நானு" என்றான்.

"தக்காளி தானா எறங்குதா? அதுக்கே நாலு ஆளு வேணும் உங்களுக்கு" என்றாள் நிர்மலா.

ஆள் நாலு இல்லை, தெருவே சேர்ந்துகொண்டது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஒருத்தி சொன்னாள். உடனே கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல் என்று வீடே குதிரை லாயம் மாதிரி மணத்தது. இன்னொருத்தி வெந்நீரில் தேன் என்றாள். பூவரசன் போனில் ஏதோ வீடியோ காட்டினான். அதில் ஒரு பெண் குதித்த குதியைப் பார்த்ததுமே நிர்மலாவுக்கு மூச்சு வாங்கியது. களி தின்றால் உடம்பு இறங்கும் என்று யாரோ சொல்லப்போய், அவள் களி உருண்டையின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டாள். மருந்து என்றால் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால் தப்பா என்பது அவளுடைய நியாயம். விடிகாலையில் ஸ்டேஷன் ரோட்டில் நடந்தாள். முதல் வாரம் கையை வீசிக்கொண்டு நடந்தாள், இரண்டாவது வாரம் முட்டி வலித்தது, மூன்றாவது வாரம் மழை பெய்தது. ஆரம்ப சூரத்தனம் என்று நம் ஊரில் சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

மெடிக்கல் கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறி நின்றாள். ஏறியிருந்தது. குறைந்திருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த ஒரு கிலோ, தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து குருவின் முன்னால் அழுதுவிட்டாள். "பச்சத் தண்ணி குடிச்சாலும் எனக்கு ஒடம்பு ஏறுதுங்க. பொறப்பு அப்பிடி. இனிமே என்னால ஆவாது. நடக்கிறது நடக்கட்டும்."

அவள் சாப்பிடுவதைக் குருவும்தான் பார்க்கிறான். கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறாள்.

யாரும் பார்க்காத ஒன்று இருந்தது. பார்க்காதது என்ன, நிர்மலாவே பார்க்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வரை அவர்கள் பஞ்சப்பள்ளி பக்கம் காட்டு வீட்டில் இருந்தார்கள். ஆள் விட்டு வேலை நடக்கும் வீடு. குண்டான் நிறையச் சோறு வடிப்பதுதான் பழக்கம். மிஞ்சினால் மாட்டுக்குப் போகும். கழனித்தொட்டியில் அரிசி கழுவிய கழனித் தண்ணீரோடு பழைய சோறு, காய்த்தோல், பிள்ளை கடித்துப் போட்ட தோசை எல்லாம் விழும், மாடு உறிஞ்சிக் குடித்துவிட்டு மூஞ்சியை நக்கிக்கொள்ளும். பையனின் படிப்புக்காக மாரண்டஹள்ளிக்கு வந்தபோது மாட்டை விற்றுவிட்டார்கள். குண்டான் மட்டும் கூடவே வந்தது.

இங்கே இருப்பது மூன்றே பேர். அதில் குரு எப்போது வருவான், எங்கே சாப்பிட்டுவிட்டு வருவான் என்பது அந்த ஆண்டவனுக்கே தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் "சாப்ட்டுட்டேன்" என்பான். பூவரசன் அரைத் தோசையை வைத்துவிட்டு ஓடுவான். ஆனால் நிர்மலாவின் கை மட்டும் அரிசி அளக்கும்போது, யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு ஆழாக்கைச் சேர்த்துப் போடும். யாரும் வர மாட்டார்கள். சோற்றைக் கொட்டினால் தரித்திரம். கொட்டவும் மனசு வராது, எடுத்து வைத்தால் மறுநாள் அதைச் சாப்பிடவும் ஆள் கிடையாது. பாத்திரம் விளக்கும் இடத்தில் நின்றபடியே, குண்டானில் ஒட்டிய சோறும் மிஞ்சிய குழம்பும் பையன் வைத்த தோசையும் அவள் வாய்க்குள் போகும். பசித்துச் சாப்பிட்டது இல்லை அது, வேலையோடு வேலையாக நடந்தது. நின்றுகொண்டு தின்றது யார் கணக்கில் வரும்? மாட்டை விற்ற நாளிலிருந்துதான் அவள் பெருத்தாள் என்பதை வீட்டில் ஒருத்தரும் யோசித்துப் பார்க்கவில்லை.

மெஷினில் ஏறி அழுத அந்த வாரம்தான் பின்வீட்டு அஸ்கரி பேகம் ஒரு தூக்கில் சீம்பால் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் தாவூது பாய்க்குக் கடைவீதியில் செருப்புக் கடை. பேகத்துக்கு உலகமே செவலைதான். நெற்றியில் மட்டும் வெள்ளை விழுந்த சிவப்புப் பசு அது. கன்று போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

"கெடேரிக் கன்னு, நிர்மலா" என்றாள் பேகம், தானே பெற்ற மாதிரி பூரித்துப்போய். "எனக்கு ஒரு ஒதவி பண்ணும்மா. கழனித்தண்ணி குடுத்துக்கிட்டு இருந்த வூட்டுக்காரங்க காலி பண்ணிட்டு ஓசூர் போயிட்டாங்க. பால் கறக்குற மாடு, தாகத்துக்கு அலையுது. உங்க வூட்டுக் கழனிய எனக்குக் குடேன்."

"இதுக்குப் போயி கேக்கணுமாக்கா? வாளிய வெச்சுட்டுப் போங்க."

பேகம் ஒரு நீல வாளியைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்திருந்த சீம்பாலை நிர்மலா அடுப்படியில் நின்றுகொண்டே தின்று, தூக்கையும் வழித்தாள்.

முதலில் அரிசி கழுவிய தண்ணீர்தான் வாளிக்குப் போனது. பிறகு காய்த்தோல். வேலி ஓரம் கட்டியிருக்கும் செவலை, நிர்மலாவின் வளையல் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கிக் கூப்பிடும். அந்தக் குரலைக் கேட்டபிறகு வெறும் தண்ணீரை வாளியில் ஊற்றிவைக்க யாருக்கு மனசு வரும்? மிஞ்சிய சோற்றில் ஒரு பிடி. மறுநாள் பையன் வைத்த தோசை. பச்சைப் பிள்ளைக்காரியாயிற்றே, பால் சுரக்க வேண்டுமே என்று, வாய்க்குப் போக வேண்டியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்குப் போனது. வாங்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு பேகம் வாளியைக் கழுவித் திரும்ப வைத்துவிடுவாள். அவளுக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் ஜாக்கெட்டின் கொக்கி இழுக்காமல் மாட்டியது. நிர்மலா அதை மாட்டிக் கழற்றி மறுபடியும் மாட்டிப் பார்த்தாள். மெடிக்கல் கடைக்குப் போய் மெஷினில் ஏறினாள். இறங்கியிருந்தது. அடுத்த மாதமும் இறங்கியது. பேரெல்லாம் கொள்ளுக்குத்தான் போனது. "கொள்ளு வெவசாயம் பண்றவன் நல்லாயிருக்கணும்" என்று குருவிடம் சொன்னாள். உற்சாகம் வந்து மறுபடியும் நடக்கவும் ஆரம்பித்தாள். வாய்க்கொழுப்புப் பிடித்த ஒருத்தி சந்தையில் நிறுத்தி, "என்னா நிர்மலா, இப்பிடி எளச்சுட்ட? சுகர் கிகர் வந்திருச்சா?" என்று கேட்டபோதுகூட அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சர்ஜன் அம்மா முதுகில் தட்டிக்கொடுத்து, பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள், விட்டுவிடாதீர்கள் என்றார்.

அப்போதுதான் மாரியம்மன் பண்டிகை வந்தது. இண்டூரிலிருந்து குருவின் அக்கா குடும்பம் வருவதாகப் போன் வந்தது. பத்துப் பேர். நாத்தனார் வருகிறாள் என்றால் சும்மாவா? சோறு பத்தவில்லை என்று பேர் வாங்கினால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்களே. நிர்மலா பெரிய குண்டானை ஏற்றி, பத்துப் பேருக்குப் பதினைந்து பேர் சோறு வடித்தாள். சாம்பார், வடை, பாயசம். வெயில் உச்சிக்கு வந்தபிறகு நாலே பேர் வந்து இறங்கினார்கள். வரும் வழியில் பெரியப்பா வீட்டில் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டார்களாம். பேருக்கு ஒரு வடையைக் கடித்து, அரை டம்ளர் பாயசம் குடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

குண்டான் அப்படியே இருந்தது. நிர்மலா அதன் முன்னால் நின்றாள். பாயசத்தின் வாசனை மூக்கில் ஏறியது. கை தானாக ஒரு வடையை எடுத்துவிட்டது. வாய் வரைக்கும் போன வடையை அவள் திரும்ப வைத்தாள். சர்ஜன் அம்மா முதுகில் தட்டிய கை இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது.

"பூவரசு! இதத் தூக்கிட்டுப் போயி அப்பிடியே செவலைக்கு ஊத்திட்டு வாடா."

"எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையும்தான். பண்டிக நாளு, அதுவும் வயிறார சாப்புடட்டும்."

பேகம் வீட்டில் அப்போது யாரும் இல்லை. பையன் குண்டானையும் பாயசச் சட்டியையும் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தான். ஒரு பருக்கைகூட வாயில் வைக்காமல் ஜெயித்துவிட்டோம் என்ற நிம்மதியில் நிர்மலா அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

விடிந்ததும் பேகத்தின் குரல் கேட்டது. அது கூப்பிடுகிற குரலாக இல்லை, அழுகிற குரலாக இருந்தது. நிர்மலா வேலியைச் சுற்றி ஓடினாள். செவலை படுத்துக் கிடந்தது. இடது பக்கம் வயிறு உப்பி, தட்டினால் தம்பட்டம் மாதிரிச் சத்தம் வந்தது. வாயில் நுரை. வளையல் சத்தம் கேட்டும் அது தலையைத் தூக்கவில்லை. கன்று மட்டும் ஒன்றும் புரியாமல் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

தாவூது பாய் போய்க் கால்நடை டாக்டர் தமிழ்மணியைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னா வெச்சீங்க?" என்று கேட்டார்.

பேகம் விழித்தாள். நிர்மலாதான் முன்னால் வந்தாள். "நான்தாங்க வெச்சேன். சோறு. ஒரு குண்டான் சோறு, பாயசம், வடை."

"மாட்டுக்குச் சோறு கொஞ்சமா வெச்சா தாங்கும்மா. இவ்வளவு வெச்சா உள்ள போயி புளிச்சு, காத்து கட்டிக்கும். வைக்கோல் தின்ன வேண்டிய வயிறு அது." டாக்டர் சத்தம் போடவில்லை. ஊசி போட்டார், சோடா உப்பைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினார், மாட்டை எழுப்பி மெல்ல நடத்தச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அசைபோட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு பேர் சேர்ந்து எழுப்பினார்கள். பேகம் கயிற்றைப் பிடிக்க, நிர்மலா பக்கத்திலேயே நடந்தாள். அந்தச் சந்துக்குள்ளேயே போவதும் வருவதுமாக இரண்டு பேரும் எத்தனை நடை நடந்தார்களோ. செவலையின் உப்பிய வயிறு அவளுடைய இடுப்பில் உரசிக்கொண்டே வந்தது. நிர்மலா அந்த வயிற்றைப் பார்த்தாள், குனிந்து தன் வயிற்றையும் பார்த்தாள்.

இத்தனை பெரிய உடம்பு இது. ஒரு குண்டான் சோறு இதைச் சாய்த்துவிட்டது. போன வருஷப் பண்டிகைக்கும் சோறு மிஞ்சியது. அது எங்கே போனது? அதற்கு முந்தின வருஷம்? தினம் தினம் மிஞ்சிய ஆழாக்குச் சோறு, அரைத் தோசை, சட்டி அடிப் பாயசம் எல்லாம் ஐந்து வருஷமாக எங்கே போயின? செவலை இந்தப் பின்வாசலுக்கு வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் கழனித்தொட்டியாக இருந்தது யார்? அவள் நடுச்சந்தில் நின்றுவிட்டாள்.

"அக்கா" என்றாள். "கொள்ளு இல்லக்கா. செவலதான் என்னைய எளைக்க வெச்சுது. எனக்குப் போக வேண்டியத எல்லாம் இது வாங்கித் தின்னுது. இப்ப என் பாவத்த இது சொமக்குது."

பேகத்துக்கு அது முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, கயிற்றை இடது கைக்கு மாற்றி வலது கையால் நிர்மலாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ வேணும்னா பண்ணுன? ஆசையாத்தான வெச்ச. அழுவாத, நடம்மா. அல்லா இருக்கான்."

நிர்மலா எதிர்பார்த்தது திட்டு. நல்ல சாப்பாட்டைக் கொட்டுவதற்கு உனக்கு என் மாடுதான் கிடைத்ததா என்று கேட்டிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்த மாட்டை நம்பித்தான் பேகத்தின் கையில் நாலு காசு புழங்குகிறது என்று தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்டவள் தோளைப் பிடித்து நடக்கிறாள். அதைத்தான் நிர்மலாவால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மாட்டோடு மாடாக நடந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் செவலை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு தாடை ஒரு பக்கமாக மெல்ல அசைந்தது. பேகம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். நிர்மலா செவலையின் நெற்றி வெள்ளையில் தன் நெற்றியை வைத்து, "நல்லாயிருடி, நூறு வருஷம் நல்லாயிரு" என்றாள். மாடு நூறு வருஷம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். நன்றி சொல்கிற வாய்க்கு அதெல்லாம் எங்கே நினைவு வரும்?

இப்போது ஒரு சிக்கல் முளைத்தது. மிஞ்சியதைத் தானும் தின்னக்கூடாது, மாட்டுக்கும் வைக்கக்கூடாது, கொட்டவும் கூடாது. அப்படியானால் ஒரே வழிதான், மிஞ்சக்கூடாது. பெரிய குண்டானைக் கழுவிக் கவிழ்த்து, பூவரசனை ஏறச்சொல்லிப் பரணில் போட்டாள். சின்னக் குண்டானில் மூன்று பேருக்கு அளந்து போட்டபோது, கூட ஒரு ஆழாக்குக்காகக் கை அரிசி மூட்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. களவு செய்த மாதிரி இருந்தது அவளுக்கு.

பயந்த மாதிரியே நடந்தது. இரண்டாம் நாளே குரு ஓசூரில் ஒன்றும் சாப்பிடாமல் அகோரப் பசியோடு வந்து உட்கார்ந்தான். சோறு பத்தவில்லை. நிர்மலாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் ரவையை வறுத்து உப்புமா கிண்டினாள். குரு அதையும் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டு, "நல்லாத்தான இருக்குது, இதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிற?" என்றான். வானம் இடிந்து விழவில்லை. இத்தனை வருஷமாக எந்த விருந்தாளிக்குப் பயந்து குண்டான் குண்டானாகச் சோறு வடித்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம்தான் செவலையின் கதை முழுவதையும் அவனிடம் சொன்னாள். நின்றுகொண்டு தின்றது உட்பட. குரு தக்காளிக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டான். மறுநாள் மத்தியானம், ஓசூரிலிருந்து திரும்பும் வழியில் போன் செய்தான். "ராயக்கோட்டை தாண்டிட்டேன். பசிக்குது. எனக்கும் சேத்து வடி." அதற்கு அடுத்த நாள், "ராயக்கோட்டைல இருக்கிறேன். சாப்ட்டுட்டேன். எனக்கு வேணாம்." கல்யாணமான நாளாக வாசலில் வந்து சொன்னதை, அந்த மனுஷன் அன்றிலிருந்து ராயக்கோட்டையிலேயே சொல்ல ஆரம்பித்தான். மன்னிப்பு, அக்கறை என்பதற்கெல்லாம் அவனுக்கு வார்த்தை வராது. அந்தப் போனுக்காக நிர்மலா அவனை நினைத்துக் கும்பிடாத நாள் இல்லை.

வழுக்கவே இல்லை என்று சொன்னால் அது கதை. ஒருநாள் பூவரசன் வைத்துவிட்டுப் போன பூரி இரண்டை நின்றுகொண்டு தின்றுவிட்டாள். முன்னேயாக இருந்தால், போச்சு, இனி என்ன என்று மூன்றாவதையும் தின்றிருப்பாள். இப்போது கையைக் கழுவிவிட்டுப் பையனைக் கூப்பிட்டு, எத்தனை பூரி வேண்டும் என்று முன்னாலேயே சொல்லித் தொலை என்று திட்டினாள். ஆவேசம் விருந்தாளி மாதிரி, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடும். அது போனபிறகும் சின்னக் குண்டான் அடுப்பில் இருந்தது, ராயக்கோட்டைப் போன் வந்தது, பின்வாசலில் நீல வாளி இருந்தது. வாளியில் அரிசி கழுவிய தண்ணீரும் காய்த்தோலும் மட்டும்தான். பிடித்து நிறுத்த அது போதுமாக இருந்தது.

சொன்ன பத்து கிலோவும் இறங்கி, மேலும் கொஞ்சம் இறங்கியபிறகு சர்ஜன் அம்மா தைத்துவிட்டார். தையல் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு உணவு ஆலோசனைப் பெண்ணை வழியில் பார்த்தபோது நிர்மலா நின்றாள். "அன்னிக்கு நான் உங்ககிட்ட பாதிதான் சொன்னேன் கண்ணு. மீதி பாதி எனக்கே தெரியாது. நீங்க பொறுமையா கேட்டுக்கிட்டீங்க, நல்லாயிருக்கணும்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் சிரித்தாள்.

கனம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்த மாதங்களும் கழிந்தன. ஒருநாள் மதியம் அஸ்கரி பேகம் அதே தூக்கோடு பின்வாசலில் வந்து நின்றாள். செவலை மறுபடியும் கன்று போட்டிருந்தது.

"இந்தா, சீம்பால். மொத வூடு உங்க வூடுதான்."

கழனி கொடுக்கிற வீட்டுக்குத்தான் முதல் சீம்பால் என்பது வழக்கம். நிர்மலாவுக்குக் கூச்சமாக இருந்தது. "நான் என்னாக்கா குடுக்குறேன்? அரிசி கழுவுன தண்ணி. இந்தத் தெருவுல எத்தன வூட்டுல வாளி நெறைய குடுக்குறாங்க."

"நெறைய குடுக்குறவங்க வாளில சோறு கெடக்குமோன்னு பாதிய அங்கயே கொட்டிட்டுத்தான் வர்றேன். உங்க வூட்டு வாளியத்தான் கண்ண மூடிக்கிட்டு ஊத்துறேன்" என்றாள் பேகம். "போயி தட்டு எடுத்தா."

நிர்மலா தட்டை எடுத்துவந்தாள். பின்வாசல் நிழலில், தரையில், யாரும் கை கொடுக்காமல் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பேகம் வைத்தது ஒரு துண்டு. வெல்லம் கசிந்து பழுப்பாக, ஏலக்காய் வாசனையோடு இருந்தது. போன தடவை இதே சீம்பாலைத் தின்றாளே, அதன் ருசி என்ன என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு வாயில் வைத்து, கரையும்வரை இருந்து சாப்பிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் செவலை புதுக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. சாகாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறோம், வாயில் இனிப்பு இருக்கிறது, எதிரே இந்த அக்கா இருக்கிறாள், இதற்கெல்லாம் யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று இருந்தது.

பேகம் இன்னொரு துண்டை எடுத்தாள்.

"போதும்க்கா" என்றாள் நிர்மலா.

நம் பக்கத்தில் போதும் என்று சொன்னால் யார் விடுவார்கள்? ஒரே ஒரு வாய், எனக்காக, பச்ச ஒடம்பு என்று தட்டை நிறைத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். அஸ்கரி பேகம் அவள் முகத்தைப் பார்த்தாள். எடுத்த துண்டைத் திரும்பத் தூக்குக்குள் வைத்து மூடியை அழுத்தி மூடினாள். பிறகு தானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, நிர்மலாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.